புதிதாக லாரி எடுக்கும் தம்பிகளுக்கு

ஹெவி லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது. இனி ஓனர் ஒன்று சொல்வார், புரோக்கர் ஒன்று சொல்வார். என் பேச்சையும் கொஞ்சம் கேட்டு வை தம்பி.

1. ஸ்டார்ட் செய்ததும் வண்டியை நகர்த்தாதே. டேங்கில் காற்று முழுசாக ஏறட்டும். அதற்குள் இறங்கி டயர்களைத் தட்டிப் பார். பின்விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் துடை. கிளீனர் பார்த்துக்கொள்வான் என்று விடாதே. இப்போது பாதி வண்டிகளில் கிளீனரே கிடையாது.

2. இறக்கத்தில் நியூட்ரல் போடாதே. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே. தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே கவிழ்ந்த வண்டிகளைப் பற்றி உனக்கே தெரியும். கியரில் இருக்கும்வரை இன்ஜினே லோடை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக்கின் தலையில். லைனரும் டிரம்மும் சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இன்ஜினையும் அணைத்தாயானால் கம்ப்ரசர் நின்றுவிடும். மிதிக்க மிதிக்கக் காற்று தீரும், ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். வேகம் பிடித்த பிறகு கியர் போடப் பார்த்தால் விழாது. ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறை. எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவாயோ அதிலேயே இறங்கு. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு. பிரேக்கில் கால் வைத்தபடியே வராதே. அழுத்தி மிதி, வேகம் குறைந்ததும் விட்டுவிடு. நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம் என்பார்கள். பி.எஸ். 6 வண்டி கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது டீசலே குடிப்பதில்லை. நியூட்ரலில்தான் குடிக்கிறது!

3. மலைப்பாதையில் ஏறி வருபவனுக்கு வழி விடு. சட்டமும் அதுதான். லோடோடு மேட்டில் நின்றவன் மறுபடி எடுப்பது லேசல்ல. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மாலை 6 முதல் காலை 6 வரை கனரக வண்டியை விடமாட்டார்கள். அதுவரை மலையடிவாரத்தில், பண்ணாரியில் படுத்துத் தூங்கு.

4. ஓவர்லோடு ஏற்றச் சொன்னால் மறு. 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. "நான் கட்டிக்கிறேன்" என்பார் ஓனர். கட்டட்டும். இறக்கத்தில் அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

5. இடதுபக்கம் திரும்புமுன் கண்ணாடியை இரண்டு முறை பார். கேபினை ஒட்டி வரும் பைக்காரன் உன் கண்ணுக்குத் தெரியவே மாட்டான்.

6. தூக்கம் வந்தால் டீ, ஹான்ஸ் எதுவும் உதவாது. பெட்ரோல் பங்க்கிலோ லாரி பேயிலோ ஓரங்கட்டு. விளக்கை அணைத்து ரோட்டோரம் விடாதே.

7. பிரேக்டவுன் ஆனால் நான்கு இண்டிகேட்டரையும் போடு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வை. நம் ஆட்கள் கல்லையும் தழையையும் வைத்துவிட்டு, வண்டி சரியானதும் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போகிறார்கள். இருட்டில் பைக்கில் வருகிறவன் அதில்தான் விழுகிறான். கல் வைத்தே ஆகவேண்டுமென்றால், கிளம்புமுன் உன் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டுப் போ தம்பி.