ஷீட் கணக்கா, மணிக்கணக்கா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள சிறு தொழிற்கூடங்களுக்கு வீட்டிலிருந்தே ஆட்டோகேடில் டிராயிங் போட்டுத் தருகிறேன். ஷீட்டுக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சுதான். பிறகு ஐந்தாறு தடவை மாற்றச் சொல்கிறார்கள். பணம் கேட்டால், ‘எல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்’ என்கிறார்கள். இரண்டு பில் நான்கு மாதமாக நிற்கிறது. இனி மணிக்கணக்கில் வாங்கலாமா? பணம் வரும்வரை கேட் ஃபைலைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஷீட்டா மணியா என்பதற்கு முன்னால், மாற்றம் யாரால் வந்தது என்று பாருங்கள். ஒரு பம்ப் ஹவுசிங் வரைகிறீர்கள். டாலரன்ஸை நீங்கள் தவறாகப் போட்டிருந்தால் காசு கேட்காமல் திருத்த வேண்டியது உங்கள் கடமை. துளையின் அளவை 40 மி.மீ.யிலிருந்து 42 ஆக்கச் சொல்வது அவர் என்றால், அசெம்பிளி ஷீட்டும் சேர்ந்து மாறும். அது புது வேலை. ஆகவே முதல் டிராயிங்குக்கு ஷீட் கணக்கும், அவர் கேட்கும் மாற்றத்துக்கு மணிக்கணக்கும் வையுங்கள். முழுக்க மணிக்கணக்குக்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை. பல வருடம் சேர்த்த பிளாக்குகளை வைத்து இரண்டு மணி நேரத்தில் முடிப்பவருக்கு அதில் குறைவான கூலி, தடுமாறுபவருக்கு அதிகம். தவிர, தொழிற்கூடக்காரர் தன் வாடிக்கையாளருக்கு ஒரே தொகையாகக் கொட்டேஷன் கொடுப்பவர். உங்களிடமும் முடிந்த தொகையைக் கேட்பது நியாயம்தான்.

‘கையெழுத்து கேட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள்’ என்பீர்கள். கையெழுத்து தேவையே இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். அதை நிரூபிப்பதுதான் கஷ்டம், அந்தப் பாரமும் பணம் கேட்பவர் தலையில்தான். தொகை, அதில் அடங்கும் திருத்தங்களின் எண்ணிக்கை, கூடுதல் மாற்றத்துக்கு மணிக்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அவர் ‘ஓகே’ போட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். மின்னணு வழியில் ஏற்பட்ட ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. இன்னொரு சாட்சி உங்கள் டிராயிங்கிலேயே இருக்கிறது. டைட்டில் பிளாக்கின் ரிவிஷன் கட்டத்தைப் பலர் வெறும் ஆர்1, ஆர்2 என்று நிரப்பி விடுகிறார்கள். தேதி, என்ன மாற்றம், யார் கேட்டது என்று எழுதி அனுப்புங்கள். அதைப் பெற்று, மறுக்காமல், அதன்படியே பாகத்தைக் கடைந்தவர் பிறகு ‘நான் கேட்கவில்லை’ என்று சொல்வது கடினம். விலை பேசாத கூடுதல் வேலையாக இருந்தாலும், இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் சட்டப்படி செய்ததன் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்கிறது.

ஃபைலைப் பொறுத்தவரை உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி நீங்களே உருவாக்கிய டிராயிங்கின் முதல் உரிமையாளர் பொதுவாக நீங்கள்தான். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குத்தான் இது பொருந்தாது. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ‘சாம்பிளும் அளவும் எங்களுடையது’ என்பது அவர்கள் வாதமாக இருக்கும். அவர்களுடைய பழைய டிராயிங்கை அப்படியே கேடில் ஏற்றித் தந்திருந்தால் அந்த வாதம் நிற்கும். இல்லையென்றால், சரிபார்க்க பி.டி.எஃப்., பணம் வந்ததும் டி.டபிள்யூ.ஜி. என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கடைசி நேரத்தில் நிறுத்தினால், தேதி தவறியதாக உங்கள் மேலேயே பழி வரும். அவர்கள் கொடுத்த சாம்பிளை மட்டும் எக்காரணத்துக்காகவும் பிடித்து வைக்காதீர்கள்.

தாமதத்துக்கு மருந்து உத்யம் பதிவு. இணையத்தில் கட்டணமில்லாமல் செய்யலாம். இந்த வாரமே செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. பேசாவிட்டால் 15 நாள். வேலை கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காதவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 2023-இல் சேர்த்த ஒரு விதியால், கெடு தாண்டிய தொகையை அவர் உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். பில்லில் உத்யம் எண் இருந்தால் அவருடைய ஆடிட்டரே நினைவூட்டுவார்.

நிற்கும் இரண்டு பில்லுக்கு இந்தச் சலுகையை நம்ப வேண்டாம். பதிவுக்கு முந்தைய வேலைக்கு இது கிடைக்காது என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவற்றுக்கு வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. பணம் தரத் தேதி பேசாத வேலைக்கு, வேலையை முடித்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு. அதற்குள் அவர் ‘பாக்கி இருக்கிறது, தருகிறேன்’ என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். நோட்டீஸுக்கு முன்னால் அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.