மருந்தில் இரும்பு: எல்லை தாண்டியதா?

மாணவர்களே, நம் இரத்தத்திற்கு இரும்பு தேவை. அப்படியிருக்க, மருந்துப்பொருளில் சிறிதளவு இரும்பு கலந்தால் என்ன கெட்டுவிடும்?

வைட்டமின் சியை எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். இரும்பு அயனிகள் அங்கே வினையூக்கியாகச் செயல்பட்டு, அந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. வினையூக்கி மிகக் குறைவாக இருந்தாலே போதும் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்தின் வீரியம் குறைந்துவிடும்.

உலோகக் கலன், குழாய், நீர், மூலப்பொருள் என எதிலிருந்தும் இரும்பு வந்து சேரலாம். அதை முற்றாக நீக்குவது கடினம். ஆகவே, ‘இரும்பு உண்டா?’ என்று கேட்பதைவிட, ‘அனுமதித்த அளவைத் தாண்டியதா?’ என்று கேட்பதே பொருத்தம். இதற்குத்தான் எல்லைச் சோதனை.

இந்திய மருந்துத் தரநூலிலுள்ள முறையைப் பார்ப்போம். ஒரே அளவுள்ள இரண்டு நெஸ்லர் குழாய்கள் வேண்டும். ஒன்றில் 1 கிராம் மருந்துப்பொருளின் கரைசல், மற்றதில் 0.04 மில்லிகிராம் இரும்பு கொண்ட ஒப்பீட்டுக் கரைசல். இரண்டிலும் இரும்பு கலவாத சிட்ரிக் அமிலம், தயோகிளைகாலிக் அமிலம், அம்மோனியாக் கரைசல் ஆகியவற்றை இதே வரிசையில் சேர்த்து, நீரூற்றி 50 மில்லிலிட்டராக்க வேண்டும்.

ஏன் இத்தனை பொருள்கள்? 3+ மின்னூட்டமுள்ள இரும்பு அயனியுடன் அம்மோனியா சேர்ந்தால் பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகும் என்று படித்திருப்பீர்கள். வீழ்படிவு வந்தால் நிறத்தை ஒப்பிட முடியாது. சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிணைத்துக் கரைசலிலேயே வைத்திருக்கிறது. தயோகிளைகாலிக் அமிலம் 3+ அயனியை 2+ அயனியாக ஒடுக்கி, காரச் சூழலில் அதனுடன் சேர்ந்து ஊதா நிறம் தருகிறது. காரத்தன்மையைத் தருவது அம்மோனியா.

5 நிமிடம் கழித்து, வெள்ளைப் பின்னணியில் இரு குழாய்களையும் மேலிருந்து பாருங்கள். மருந்துக் கரைசலின் ஊதா நிறம் ஒப்பீட்டுக் கரைசலைவிட அடர்த்தியாக இல்லையென்றால் மருந்துப்பொருள் தேறியது. அதாவது, பத்து இலட்சம் பங்கில் இரும்பு 40 பங்குக்கு மேல் இல்லை.

எல்லை 20 பங்காகக் குறைந்தால்? ஒப்பீட்டுக் கரைசலை மாற்றத் தேவையில்லை. மருந்துப்பொருளை 2 கிராமாக எடுத்தால் போதும். எல்லை 10 பங்கு என்றால் எத்தனை கிராம் எடுக்க வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள்!