கல் கல்லாகவே தெரியட்டும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து எடுத்த படம் ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறது. காலை பதினொரு மணி வெயில். வானம் வெளுத்துக் கிடக்கிறது. விமானம் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கல்லைப் பார்த்தால் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. சுற்றுலா மலருக்கு மாலைக்குள் வேண்டும் என்கிறார் ஆசிரியர்.

போட்டோ எடிட்டராகச் சேருகிற யாருக்கும் சீக்கிரமே இப்படி ஒரு படம் வந்து சேரும். பதற்றத்தில் பெரும்பாலோர் கிளாரிட்டியையும் சாச்சுரேஷனையும் வலது கோடிவரை தள்ளிவிடுவார்கள். படம் பளிச்சென்று ஆகும். கல் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் ரா கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலில் புதைந்த சிற்பத்தை மேலே கொண்டுவருவதற்கான சரக்கு அங்கேதான் இருக்கிறது. ஆனால் மூன்று நிறமும் முற்றாக வெளுத்துப்போன வானத்தை ரா கோப்பாலும் மீட்க முடியாது, அதை முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். எடுத்தவரைத் தொலைபேசியில் பிடித்து மூலக் கோப்பை வாங்குவதும் இந்த வேலையில் அடக்கம்.

அடுத்து சாய்வு. லென்ஸ் கரெக்‌ஷனை முதலில் போட்டுவிட்டு, பிறகு செங்குத்துக் கோடுகளுக்கு வாருங்கள். இங்கேதான் பெரிய கோயில் புதியவர்களை ஏமாற்றும். விமானமே மேலே போகப் போகக் குறுகுகிற கட்டடம். அதன் விளிம்பில் வழிகாட்டிக் கோட்டை வைத்தால் கோயில் முறுக்கிக்கொள்ளும். கீழே இரண்டு தள உயரத்துக்குச் சுவர் நேராக எழும்புகிறது. அதில் உள்ள அரைத்தூண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுச் சாய்வையும் எடுத்துவிடவும் கூடாது. சுமார் அறுபது மீட்டர் உயர்ந்த ஒன்றைக் கீழே நின்று பார்த்தால் கொஞ்சம் சாய்ந்துதான் தெரியும், நம் கண்ணுக்கும் அது பழக்கம். கடைசிவரை நிமிர்த்தினால் உச்சியில் உள்ள சிகரம் வீங்கிய தலை மாதிரி ஆகும். நான் எப்போதும் சிறிது மிச்சம் வைப்பேன்.

நிறத்துக்கு வருவோம். ஒயிட் பேலன்ஸ் துளிசொட்டியை எடுத்துக் கல்மேல் வைப்பது பொதுவான தவறு. கல்லுக்கென்று ஒரு நிறம் உண்டு. காலையிலும் மாலையிலும் தேன் நிறம், உச்சி வெயிலில் வெளிறல், மழை நனைத்தால் கருமை. துளிசொட்டி அதையெல்லாம் சாம்பலாக்கிவிடும். படத்தில் யாராவது வெள்ளை வேட்டியில் இருந்தால் அங்கே வைக்கலாமே என்று தோன்றும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியை நம்பாதீர்கள்! எடுத்தவர் சாம்பல் அட்டை வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் 5,500 கெல்வின் அருகே தொடங்கிக் கண்ணால் சரிசெய்யுங்கள். நிழல் பக்கம் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு லேசாக வெதுவெதுப்பூட்டினால் போதும்.

வெளிச்சத்தில்தான் உங்கள் நேரத்தில் பாதி போக வேண்டும். சிற்பம் நிழலால் தெரிகிறது. நிழல் ஸ்லைடரை நூறுக்கு ஏற்றினால் கோட்டத்தில், அதாவது சுவர் மாடத்தில், நிற்கும் உருவம் சுவரோடு ஒட்டிய காகிதமாகிவிடும். மொத்தப் படத்துக்கும் சேர்த்து எதையும் கூட்டாமல், பிரஷ்ஷை எடுத்து இடம் இடமாக வேலை செய்யுங்கள். கோட்டத்தின் உட்புறத்தை ஒரு சுற்றுக் கருமையாக்குங்கள், தோள், தொடை, மூக்கு நுனி போன்ற வெயில் தொடும் விளிம்புகளை ஒரு சுற்று தூக்குங்கள். ஒவ்வொரு சுற்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கட்டும். பிறகு விமானமும் வானமும் சந்திக்கும் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே வெள்ளை ஒளிவட்டம் தெரிந்தால் எங்கோ கை அத்துமீறியிருக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

நாய்ஸ் குறைப்பு பற்றி ஒரு சொந்தக் கதை. ஒருமுறை கோயிலின் அதிட்டான (அடித்தள) பகுதியின் படத்தில் புள்ளிகளெல்லாம் போகும்வரை தேய்த்து அனுப்பினேன். கல்வெட்டு தெரிந்த ஒருவர் அழைத்து, “தம்பி, எழுத்தெல்லாம் எங்கே?” என்றார். புள்ளிகளோடு சேர்த்து எழுத்தின் ஓரங்களையும் வழித்துவிட்டிருந்தேன். அன்றிலிருந்து கல்வெட்டு உள்ள படத்தில் நாய்ஸைக் கொஞ்சம் விட்டுவைக்கிறேன். ஷார்ப்னிங்கையும் மாஸ்க் வைத்துக் கல்லுக்கு மட்டும் தருகிறேன், வானத்துக்கு வேண்டியதில்லை. 1858-இல் இதே கோயிலைப் படமெடுத்த கேப்டன் லினேயஸ் டிரைப், அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். எடையுள்ள கருவிகளோடு அவர் பிடித்துவைத்த எழுத்தை நான் ஒரு ஸ்லைடரில் அழித்திருக்கிறேன்.

எதை நீக்கலாம்? செய்திப் படமென்றால் எதையும் நீக்காதீர்கள். சுற்றுலா விளம்பரத்துக்கு மின்கம்பி, ஒலிபெருக்கிக் குழாய், தரையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் இவற்றை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம். உடைந்த மூக்கு, விரிசல், இடுக்கில் முளைத்த செடி, பாசி எல்லாம் கட்டடத்தைச் சேர்ந்தவை, தொடக் கூடாது. பாதுகாப்புப் பணி செய்வோருக்கு அந்த விரிசலே ஆதாரம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையை நம்பி நிழலை அழிக்கச் சொல்லும் ஆளும் வரலாம். 1010-இல் குடமுழுக்கு கண்ட நாள்முதல் நிழல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

வானத்தை மாற்றும் பொத்தான் இப்போது பல மென்பொருள்களில் இருக்கிறது. டிரைப்கூடத் தன் நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டியவர்தான், அன்றைய காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக விழுந்ததால். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. சூரியன் தலைக்கு மேல் இருக்கும் படத்தில் அந்தி மேகத்தை ஒட்டினால் கல்லில் உள்ள நிழலே காட்டிக்கொடுத்துவிடும். வெளுத்த வானம் பிடிக்கவில்லையா, மேல்பகுதியைக் க்ராப் செய்யுங்கள். நேரமிருந்தால் மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி, அச்சுக்கு அச்சகம் தரும் புரொஃபைல், 300 பிபிஐ. நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சும், நடு வண்ணங்கள் கருக்கும். உங்கள் திரையின் வெளிச்சம் அதிகமாக இருந்தால் அச்சில் இன்னும் இருட்டாக வரும். அதனால் வேலை தொடங்குமுன் திரையை அளவீடு செய்துகொள்ளுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பளபளப்பான இருபது படங்களை அனுப்ப வேண்டாம். பழைய கல் கட்டடப் படம் மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் எடுத்தபடி உள்ள மூலத்தையும் திருத்தியதையும் அருகருகே வைத்து, என்ன செய்தீர்கள், எதைத் தொடாமல் விட்டீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஆள் எடுக்க உட்கார்ந்தபோதெல்லாம், தொடாமல் விட்டதைச் சொல்லும் அந்த வரியைத்தான் நான் முதலில் படித்தேன்.