தலையருகே ஒரு கம்பிச்சுருள்

மாணவர்களே, படிவம் 5 இயற்பியலில் மின்காந்தத் தூண்டலைப் படித்திருப்பீர்கள். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் கல்வனோமீட்டரின் முள் அசையும். காந்தம் அசையாமல் இருந்தால் முள்ளும் அசையாது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த இந்த உண்மைதான் இன்று மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குச் சிகிச்சையாகியிருக்கிறது. அதன் பெயர் டி.எம்.எஸ்., அதாவது காந்தவழி மூளைத் தூண்டல்.

தேர்வுக்கு முன் வரும் கவலை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் குறைந்து, அந்த நிலை வாரக்கணக்கில் நீடிக்கும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. பலர் மருந்தாலும் ஆலோசனையாலும் தேறுகிறார்கள். இரண்டு வகை மருந்துகளைத் தேவையான அளவில், தேவையான காலம் எடுத்தும் தேறாதவர்களுக்கு என்ன வழி?

மூளைக்கு மின்சாரம் செலுத்தலாம் என்றால், மண்டையோடு அதைத் தடுக்கும், தலைத்தோலும் வலிக்கும். காந்தப்புலத்துக்கு எலும்பு ஒரு தடையே அல்ல. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் குழுவினரும் தலையருகே ஒரு சுருளை வைத்து, அதில் ஒரு கணம் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சினார்கள். வலியில்லாமல் கை விரல்கள் துள்ளின!

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புலம் சுழியத்திலிருந்து 2 டெஸ்லாவுக்கு 100 மைக்ரோ நொடியில் உயர்கிறது என்று வையுங்கள். மாறும் வீதம் நொடிக்கு 20,000 டெஸ்லா. புலத்தின் வலிமையைவிட இந்த வேகம்தான் வேலை செய்கிறது. மூளைக்குள் சிறு மின்னோட்டம் பிறந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள நரம்பணுக்களைத் தூண்டுகிறது.

மருத்துவர் முதலில் கட்டைவிரல் அசையும் இடத்தைத் தேடி, எவ்வளவு வலிமை தேவை என்று அளப்பார். பிறகு சுருளை இடப்பக்க நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதிக்கு நகர்த்துவார். மயக்க மருந்து கிடையாது. ‘டக் டக்’ என்ற ஓசைக்காகக் காதில் அடைப்பான் உண்டு. சிலருக்குத் தலைவலி வரும். வலிப்பு மிக அரிது. தலைக்குள் உலோகக் கிளிப்போ, காதில் பொருத்திய செவிக்கருவியோ உள்ளவர்களுக்கு இது கூடாது.

அமெரிக்கா 2008இல் இதை அனுமதித்தது. 2018இல் கனடாவில் 414 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், முப்பத்தேழரை நிமிடச் சிகிச்சையும் 3 நிமிடச் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பாதிப்பேருக்குச் சற்றுக் குறைவானோரிடம் அறிகுறிகள் பாதிக்குமேல் குறைந்தன. மந்திரம் இல்லைதான். ஆனால் எத்தனையோ மருந்துகளைப் பார்த்துச் சலித்தவருக்கு இது சிறிய செய்தி அல்ல.

மூன்று நிமிடம் என்றாலும், வாரத்துக்கு 5 நாள், 4 முதல் 6 வாரம் போக வேண்டும். படுக்கையைவிட்டு எழவே முடியாத ஒருவர் செலாயாங்கிலிருந்து நடுவட்டச் சாலை நெரிசலில் தினமும் கோலாலம்பூருக்குப் போய்வருவதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் சிகிச்சை அருகில் இருப்பது மருந்தின் அளவைப் போலவே முக்கியம்.

தேடும் குடும்பங்கள் விளம்பரத்திலிருந்து தொடங்க வேண்டாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்றால், செலாயாங் மருத்துவமனை போன்ற இடங்களின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இந்த முறை பொருந்துமா, கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே கிடைக்கும் என்பதை அங்குள்ள மனநல மருத்துவரிடமே கேளுங்கள். மொத்தம் எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு, வலிப்பு வந்தால் யார் பார்ப்பார் என்பதையும் கேட்டுவிடுங்கள். உங்களுக்கோ நண்பருக்கோ மனம் தாங்கவில்லை என்றால் 15555 என்ற சுகாதார அமைச்சின் எண்ணை அழைக்கலாம்.

பயிற்சி: குளிர்ப்பெட்டியில் ஒட்டும் காந்தத்தை நாள் முழுவதும் நெற்றியில் வைத்திருந்தாலும் மூளை தூண்டப்படாது. ஏன்? ஃபாரடேயின் விதியைக் கொண்டு மூன்று வரியில் விளக்குக.