அளந்து பார்த்தால்தான் தெரியும்



மிஷன் மருத்துவமனைகளின் ஆண்டறிக்கையில் “பிரசவத்திற்குப் பின் அதிக உதிரப்போக்கு, நூற்றுக்கு இத்தனை பேர்” என்று ஒரு வரி வரும். அந்த எண் கூடினால் மருத்துவமனை பின்வாங்கிவிட்டது என்றும், குறைந்தால் முன்னேறிவிட்டது என்றும் எண்ணத் தோன்றும். எப்போதும் அப்படியல்ல. ஏன் என்பதே இம்முறை நாம் படிக்கப்போகும் பாடம்.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மரித்ததையும், அதைக் கண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து வேலூருக்குத் திரும்பியதையும் நீங்கள் அறிவீர்கள். அன்று பெண்கள் வீட்டிலேயே மரித்தார்கள். இன்று காரியம் வேறு. 2019-21ஆம் ஆண்டு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தாய் வாசலுக்குள் வந்துவிட்டாள். இனி உதிரப்போக்கால் அவள் மரித்தால், எங்கள் கண்முன்னே மரிக்கிறாள்.

நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கர்ப்பப்பைக்கு ஓடுகிறது. நஞ்சு பிரிந்து வந்ததும் கர்ப்பப்பை கல்போல் இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக்குழாய்களை நெரித்து அடைக்கவேண்டும். அது இறுகாமல் தளர்ந்துபோவதே பத்தில் ஏழு உதிரப்போக்குக்குக் காரணம். மற்றவை கிழிந்த காயம், உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு, அரிதாக இரத்தம் உறையாத கோளாறு.

சுகப்பிரசவத்திற்குப்பின் 24 மணி நேரத்தில் 500 மில்லி அல்லது அதற்குமேல் போனால் அதிக உதிரப்போக்கு என்பது வெகுகாலமாக உள்ள கணக்கு. ஆனால் 500 மில்லி என்று யார் அளந்தது? துணியில் ஊறியதையும் தரையில் சிந்தியதையும் பார்த்து, “முந்நூறு இருக்கும்” என்று எழுதுவதுதான் உலகமெங்கும் வழக்கமாயிருந்தது. கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. தாயின் இடுப்புக்குக் கீழே, அளவுக்கோடு போட்ட பை தொங்கும் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அளந்தார்கள். அதனுடன் ஒப்பிட, கண்மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாயிருந்தது! ஆகவே அளக்கத் தொடங்கிய மருத்துவமனையில் அந்த எண் ஏறத்தான் செய்யும். ஏறினது நோயல்ல, உண்மை.

அளப்பது கணக்குக்காக மாத்திரமல்ல. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. பழைய முறையில் உதிரப்போக்கு உள்ள இரண்டு பேரில் ஒருவரைத்தான் கண்டுபிடித்தார்கள். விரிப்பை வைத்து அளந்த இடங்களில் நூற்றுக்கு 93 பேரைக் கண்டுபிடித்தார்கள். கண்டதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், சலைன், காயம் இருக்கிறதா என்று பரிசோதித்தல் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதனால் வரும் அறுவையும் மரணமும் நூற்றுக்கு 60 வீதம் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் இன்னும் ஒரு படி போயிற்று. 300 மில்லி ஆகி நாடியோ இரத்த அழுத்தமோ மாறியிருந்தால், 500க்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லிவிட்டது.

தடுப்பு எளிது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் ஊசி. இதற்குப் பெரிய டாக்டர் வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியர் போதும். ஆனால் இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டும். மின்சாரம் போய்க் குளிர்பெட்டி சூடானால், பார்வைக்கு மருந்துபோலவே இருக்கும், வேலைமட்டும் செய்யாது. (கறவை மாட்டுக்குப் பால் இறங்கத் தவறாகப் போடும் ஊசியும் இதே மருந்துதான். நம் கிராமத்தாருக்கு அப்படித்தான் பழக்கம்.) குளிர் வேண்டாத மிசோப்ரோஸ்டால் மாத்திரையை பெல்காம் கிராமங்களில் துணைச் செவிலியர் கொடுத்தபோது, உதிரப்போக்கு நூற்றுக்கு 12 என்பதிலிருந்து 6.4 ஆனது. குளிர்பெட்டி நம்பமுடியாத இடத்தில் அது பேருதவி.

நைனார்பாளையத்திலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை. இவ்வளவு சொன்னபின்பும் மலைத் தாய்க்கு இரண்டு தடைகள் மீதி. ஒன்று தூரம். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வளைவுச் சாலையில் 108 வண்டி இறங்கிவரும் நேரத்திற்குள் ஒரு தாய் வெளிறிப்போகலாம். ஆகவே நாள் நெருங்கியவர்கள் முன்னதாகவே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் தமிழ்நாட்டின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்பட்டிருப்பது நல்ல காரியம். மற்றது இரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சோகை. கொழுத்த பெண் தாங்கும் அரை லிட்டரைச் சோகை பிடித்த ஒல்லிப் பெண் தாங்கமாட்டாள். இரும்புச்சத்து மாத்திரையைக் கூரையில் செருகி வைக்காமல் விழுங்கச் செய்வதும் உதிரப்போக்குக்குத் தடுப்புதான்.

“கெட்ட இரத்தம் போகட்டும், விடுங்கள்” என்று மூத்த பெண்கள் சொல்வதுண்டு. கொஞ்சம் போவது இயற்கையே. ஆனால் துணி மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் நனைந்தாலும், தாய்க்குத் தலைசுற்றி வேர்த்தாலும் அது கெட்ட இரத்தமல்ல, அவளுடைய உயிர். உடனே செவிலியரை அழைக்க வேண்டும் என்று உங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் சொல்லுங்கள்.

மருந்துக்கும் மீறினால் இரத்தம் ஏற்றத்தான் வேண்டும். இரத்த வங்கி கள்ளக்குறிச்சியில். தாயோ பிரசவ அறையில். 18 முதல் 65 வயதுக்குட்பட்டவர்கள், 45 கிலோவுக்குக் குறையாதவர்கள், ஹீமோகுளோபின் 12.5 உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறை. நெகட்டிவ் வகை உள்ளவர்கள் அருகிலுள்ள இரத்த வங்கியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இன்றே கொடுத்து வைத்தால், நள்ளிரவில் நாங்கள் வீடு வீடாகத் தேடவேண்டியிராது.