மிதிப்பெட்டியும் தனியிசைஞனும்

தமிழில் அடி என்னுஞ் சொற்குப் பொருள் பல. உடலைத் தாங்கும் பாதமும் அடி. கையாலேனும் கோலாலேனும் புடைப்பதும் அடி. சீர்கள் தொடர்ந்து நடக்குஞ் செய்யுள் வரியும் அடி. கிரேக்கரும் தம் செய்யுளளவைக்குப் பாதம் என்றே பெயரிட்டு, அதன் இரு கூறுகளையும் எடுத்தல், வைத்தல் எனப் பொருள்படுஞ் சொற்களாற் குறித்தனர். ஆகவே, காலுக்கும் கால அளவிற்கும் உள்ள உறவு ஒரு நாட்டார்க்கே உரியதன்று என்பது தெளிவு. அவ்வுறவினின்றும் பிறந்ததொரு சிறு கருவியைப் பற்றியே ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

கித்தாரை மீட்டிப் பாடுவோனுக்கு இரு கைகளும் வாயும் ஒழிவின்றித் தொழிற்படுவன. ஒழிந்திருப்பன கால்களே. அக்காலினடியில் வைத்து, பாட்டிற்கேற்ப மிதித்துத் தாழ்ந்த முழக்கமொன்றை எழுப்புதற்குரிய மரப்பெட்டியை மேனாட்டார் ஸ்டாம்ப் பாக்ஸ் என்பர். மிதிப்பெட்டி என நாம் வழங்கலாம். மின்கித்தாரின் ஒலியை வேறுபடுத்தும் மிதிவிசைக்கும் ஆங்கிலத்தில் இப்பெயரே வழங்குகின்றது. அஃது ஈண்டுக் கருதப்படவில்லை.

இதன் கருத்து புதியதன்று. பண்டைக் கிரேக்க நாட்டில் குழலூதுவோர், கீலால் இணைத்த இரு மரத்தகடுகள் கொண்ட மிதியடியைக் காலிற் பூட்டி, அதனை மிதித்து ஆடுவோர்க்கும் பாடுவோர்க்கும் காலங் காட்டினர். உரோமர் இதனை ஸ்கபெல்லும் என்றனர். இத்தாலியிலே பிளாரென்ஸ் நகரத்து உபீஸி கலைக்கூடத்தில், இக்கருவியைப் பாதத்தால் மிதித்து ஆடும் வனதேவனது பளிங்குச் சிலையை இன்றுங் காணலாம். குழலூதுவோனுக்கும் கையும் வாயும் ஒழிவில்லை என்பதை நோக்குக. தேவை ஒன்றாயின், அதனைத் தீர்க்கும் உபாயமும் ஒன்றாகவே முடிகின்றது.

ஆயின் அமெரிக்க நாட்டில் காலின் தாளம் வளர்ந்த வரலாறு வெறும் வசதியைப் பற்றியதன்று. 1739ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றின் அருகே ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பறை முழக்கிப் பிறரையும் அழைத்துக்கொண்டு அவர்கள் நடந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1740ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சபையார் இயற்றிய சட்டம், அடிமைகள் பறையும் கொம்பும் பிற பேரொலிக் கருவிகளும் வைத்திருத்தலை விலக்கியது. அவர்களுக்கு எழுதக் கற்பிப்போர்க்குத் தண்டமும் விதித்தது. எழுத்தும் பறையும் ஒரே சட்டத்தால் தடுக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது. இரண்டும் தொலைவிலுள்ளாரை ஒன்றுகூட்டும் ஆற்றலுடையன என்பதை ஆண்டோர் நன்கறிந்திருந்தனர்.

பறையைப் பறிக்கலாம், பாதத்தைப் பறித்தல் இயலாது. கைகொட்டலும், தொடையிலும் மார்பிலும் தட்டலும், மரத்தளத்தைக் காலால் உரசி மிதித்தலும் அம்மக்களிடையே தாளக்கருவிகளாயின. ஜியார்ஜியா, தென் கரோலினாக் கடற்கரைகளில் அவர்கள் ஜெபக்கூடங்களில் நிகழ்த்திய வட்ட வழிபாட்டில், ஒருவர் துடைப்பக் கோலால் தரையை இடிப்பர். சிலர் கைகொட்டிப் பாடுவர். ஏனையோர் பாதங்களைக் குறுக்காக வையாமலும் தரையினின்றும் மிக உயர்த்தாமலும் வட்டமாய் நகர்வர். காலைக் குறுக்கிடுதல் உலகியற் கூத்தாகும் என்று விலக்கினர். மரத்தளமே அவர்களுக்கு முழவாயிற்று. ஜியார்ஜியா மாகாணத்து மக்கின்டாஷ் கவுண்டியில் இவ்வழக்கைக் காத்துவந்த குழுவினர்க்கு 1993ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினரின் தேசிய மரபுக்கலை விருது வழங்கப்பட்டது.

காலின் ஒலி இசைத்தட்டிற் சிறப்பாகப் பதிந்தது 1948ஆம் ஆண்டிலாகும். மிஸ்ஸிஸிப்பியிற் பிறந்து, டெட்ராய்ட் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலைகளிற் பணிசெய்த ஜான் லீ ஹூக்கர் என்பார், தம் மின்கித்தாரோடு தனித்தமர்ந்து ‘பூகி சில்லன்’ என்னும் பாட்டைப் பாடினர். அவர் பாடுங்கால் காலால் தரையை மிதிக்கும் பழக்கமுடையவர். ஒலிப்பதிவை நடத்திய பெர்னார்ட் பெஸ்மன் அப்பழக்கத்தைத் தடுத்தாரல்லர். காலடியில் மரப்பலகை இட்டு, அவ்வொலியையும் ஒலிவாங்கியாற் பற்றினார். மறு ஆண்டில் அத்தட்டு அமெரிக்கக் கறுப்பரிசை விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. ஹூக்கர் ஒரு வரியை இத்தனை மாத்திரையில் முடித்தல் வேண்டுமென்னும் வரையறைக்குட்படாதவர். சொல் நீளின் தாளமும் நீளும், குறுகின் குறுகும். பிற வாத்தியக்காரர் அவரைத் தொடர்ந்து செல்லுதல் அரிதாயிருந்தது. அவர் கருத்துத் திரும்பும் கணத்திலேயே உடன் திரும்பத்தக்க கொட்டு அவர் காலொன்றே.

மற்றொருவர் ஜெஸ்ஸி புல்லர். ஜியார்ஜியாவில் 1896ஆம் ஆண்டிற் பிறந்து, கலிபோர்னியாவில் இருப்புப்பாதை வேலை முதலியன செய்து வாழ்ந்தவர். இவர் காலாலியக்கும் தாழ்சுரக் கருவியொன்றைத் தாமே அமைத்து, அதற்குப் பொட்டெல்லா என்று பெயரிட்டனர். மிதிகளைக் கால்விரலால் அழுத்துமிடத்து, மெத்தென்ற சுத்தியல்கள் எழுந்து ஆறு கம்பிகளைத் தாக்கும். பன்னிரு நரம்புக் கித்தாரைக் கையிலும், வாய்க்கருவிகளைக் கழுத்திலிட்ட தாங்கியிலும், மற்றொரு தாளக்கருவியை மறுகாலிலும் வைத்துக்கொண்டு ஒருவரே ஒரு கூட்டமாய் விளங்கினர். கனடாவின் கியூபெக் நாட்டிலோ, பிடில் வாசிப்போர் நாற்காலியில் அமர்ந்தவாறே இரு பாதங்களின் குதியாலும் நுனியாலும் பலகையில் நடனத்தாளம் கொட்டுதல் நாட்டுப்புற மரபாகவே நிலைபெற்றுளது.

இனிக் கருவியின் அமைப்பைக் கூறுவாம். இக்கால மிதிப்பெட்டி, ஒருவர் பாதம் அமையுமளவான தட்டையான மரப்பேழை. அடியில் வழுக்காதிருத்தற்கு இரப்பர்ப் பொருத்துகள் உண்டு. சில பெட்டிகளுள் ஒலிவாங்கியை வைப்பர். பலவற்றில் மேற்பலகையின் உட்புறத்தே நாணயம்போன்றதொரு வட்டத்தகட்டை ஒட்டுவர். சில படிகங்களை அழுத்தின் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880ஆம் ஆண்டில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டறிந்தனர். இத்தகட்டின் செயலும் அத்தத்துவம் பற்றியதே. மிதியால் பலகை அதிர, தகடு வளைந்து மின்னலையைப் பிறப்பிக்கும். அது கம்பி வழியே ஒலிபெருக்கியை அடைந்து முழக்கமாகும்.

இங்ஙனம் பிறக்கும் ஒலி முதலில் வறண்ட தட்டொலியாகவே இருக்கும். ஆதலின் உயர்ந்த அதிர்வுகளைக் குறைத்துத் தாழ்ந்தனவற்றை மிகுத்தல் வேண்டும். ஈண்டு ஓர் எச்சரிக்கையுண்டு. கித்தாரின் மிகத் தாழ்ந்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுடையது. பெட்டியின் முழக்கமும் அவ்விடத்தே குவியுமாயின் இரண்டும் கலந்து மயங்கும். பெட்டிக்கு அதற்குக் கீழான இடத்தை அளித்து, கித்தாரின் கீழொலியைச் சிறிது தணித்தால் இரண்டும் தெளிவுறும். மேடை உட்குடைவானதாயின் அதுவும் உடனதிர்ந்து ஒலிபெருக்கியை ஊளையிடச் செய்யும். பெட்டியின் கீழ்த் தடித்த கம்பளம் விரித்தல் நலம்.

பயிலும் முறை வருமாறு. முதலாவது, கருவியைத் தொடாது, நொடிக்கு ஒன்றாகக் காலை மட்டும் மிதித்து, வாயால் நான்கு எண்ணுக. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் மிதித்தல் களைப்பைக் குறைக்கும். முழுக்காலையும் ஓங்கி மிதிப்போர் சில பாட்டுகளிலேயே சோர்வர். இரண்டாவது, நரம்புகளை இடக்கையால் அடக்கி, ஒலியெழாமல் வலக்கையை மட்டும் காலோடு இயக்குக. மூன்றாவது, சுரக்கூட்டுகளைச் சேர்க்க. இறுதியிலேயே பாடத் தொடங்குக. இவ்வரிசையை மாற்றுவோர்க்குக் கால், கையின் ஒவ்வொரு வீச்சையும் பின்பற்றி ஓடும். காலம் காட்டவேண்டியது காலத்தை இழந்து நிற்கும். நான்கெண்ணிக்கைப் பாட்டில் ஒன்றிலும் மூன்றிலும் மிதித்தல் எளிய தொடக்கம். மறுகாலிற் சிறு சதங்கை கட்டி இரண்டிலும் நான்கிலும் தட்டுதல் அடுத்த படி.

மிதிப்பெட்டியின் பெருங்குற்றம் ஓயாமை. நல்ல முழவிசைஞன் எங்கே கொட்டாதிருத்தல் வேண்டும் என்பதை அறிவான். ஆர்வமிக்க காலோ பாட்டின் முதலிலிருந்து முடிவுவரை ஒரேபடித்தாய் இடிக்கும். கேட்போர் செவி அதனை விரைவில் வெறுக்கும். பல்லவிக்கு வந்ததும் நடையை விரைவாக்குதலும் தனியிசைஞர்க்கு இயல்பான பிழை; அருகிருந்து தடுப்பார் இலராதலின் அது மேன்மேலும் வளரும். தொடக்கத்தில் மிதியாது பாடி, இரண்டாங் கண்ணியிற் காலைச் சேர்த்து, உருக்கமான அடிகளில் மீண்டும் நிறுத்துவானாயின், அம்மௌனமே பாட்டிற்கு அணியாகும்.

இக்கருவி முழவிசைஞனது தொழிலைக் கெடுக்கும் என்று கூறுவாருமுளர். அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. சிறு விடுதிகளில் ஒருவர்க்கே ஊதியம் கொடுக்க விழைவோர்க்கு மிதிப்பெட்டி வாய்ப்பாகவே அமையும். ஆயினும் முழவின் விரல்நயத்தையும் சொற்கட்டையும் ஒரு பெட்டி தரவல்லதன்று. இருவர் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் உரையாடலும் அதன்கண் இல்லை. அதற்கெனத் தனித்தோர் இடமுண்டு. துணையின்றிப் பாடுவோன், தன் மூச்சோடும் சொல்லோடும் பிரியாத தாளமொன்றைத் தன் உடலிலிருந்தே பெறுகின்றான். 1740ஆம் ஆண்டில் பறையிழந்த மக்கள் தம் வழிபாட்டில் தளத்தை மிதித்ததும் அத்தகைய தாளமேயாம்.

ஆகலின் மிதிப்பெட்டியை விலைகொடுத்து வாங்குமுன், மாணவர் தம் அறையின் மரப்பலகையொன்றைக் காலடியிலிட்டு, ஒரு பாட்டை நடை மாறாது முடித்துப் பார்ப்பாராக. கால் அதனைக் கற்றபின் எப்பெட்டியும் பயன்படும். கல்லாதவழி, ஒலிபெருக்கி அக்கல்லாமையையே பெருக்கிக் காட்டும்.