கடலுக்குள் போகும் வெளிச்சம்

பருத்தித்துறைக் கரையோர முருகைக்கற்பாரை நாம் வெறுங்கல் என்று நினைக்கிறோம். அதைக் கட்டும் முருகை உயிர்களின் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து, சூரிய ஒளியில் உணவாக்கி அவற்றுக்கும் கொடுக்கின்றன. ஆகவே நமது பயிரைப்போலப் பாருக்கும் வெயில் வேண்டும். நீர் தொடர்ந்து கலங்கினால் பார் நலியும். அலையின் வேகத்தைத் தணிக்கும் அரணும் காலப்போக்கில் சிதையும்.

வெளிச்சத்தை அளப்பது எப்படி? இயேசுசபைக் குரு அஞ்சலோ செக்கி 1865இல் பாப்பரசரின் கப்பலில் சென்று, மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தார். நாமும் செய்யலாம். 30 சென்ரிமீற்றர் அகல வட்டத் தட்டுக்கு வெள்ளை வர்ணம் பூசி, அடியில் பாரம் கட்டுவோம். அரை மீற்றருக்கொரு முடிச்சிட்ட கயிற்றில், கடல் அமைதியான நண்பகலில், வள்ளத்தின் நிழற்பக்கமாக இறக்குவோம். தட்டு மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுப்போம். மறையுமுன் தட்டு நிலத்தைத் தொட்டால், இன்னும் ஆழமான இடத்தில் அளப்போம். மாரிக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அளந்தால் வேறுபாடு புரியும்.

நீரைக் கலக்குபவற்றுள் மழைவெள்ளம் அள்ளிவரும் மண்ணும் ஒன்று. அதற்குப் பரிகாரம் நம் கையில் உண்டு. இடம்பெயர்ந்து இரவல் காணியில் பயிரிட்டாலும் வரம்பு கட்டுவோம்; வாய்க்கால் ஓரம் புல் வளர்ப்போம்; வெறுநிலத்தைச் சருகால் மூடுவோம். மண் தோட்டத்தில் தங்கும். வெளிச்சம் பாருக்குப் போகும்.

கலந்துரையாட: நமது தோட்டத்து வெள்ளம் எவ்வழியாகக் கடலைச் சேர்கிறது?